பேருந்தின் முதுகில் ஒரு முகம்

டிப்போவில் வண்டி கழுவுகிறவர்தான் அதை முதலில் பார்த்தார். தண்ணீர்க் குழாயை அப்படியே தரையில் போட்டுவிட்டு, டிக்கெட் மெஷின் வாங்க நின்றிருந்த கண்டக்டரிடம் ஓடி வந்தார்.

"விசிலம்மா, உங்க மூஞ்சியை வண்டிக்குப் பின்னால ஒட்டியிருக்காங்க."

"என் மூஞ்சி எனக்கு முன்னாலதான் இருக்கு. போய் வேலையைப் பாருங்க."

"சத்தியமாச் சொல்றேன். வந்து பாருங்க."

அவள் போய்ப் பார்த்தாள். வண்டியின் முதுகை முழுக்க மறைத்து ஒரு விளம்பரம். அப்போதுதான் ஒட்டியிருப்பார்கள் போல. ஓரத்தில் பசை இன்னும் காயவில்லை. இடப்பக்கம் அவள் முகம். கண்களைச் சுற்றியும் வாயோரத்திலும் கழுத்திலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். அவள் தினமும் கண்ணாடியில் பார்க்கிற அதே முகம். வலப்பக்கமும் அவள் முகம்தான். அதே சிரிப்பு, அதே தோடு, நெற்றியில் விழுந்த அதே ஒற்றை முடி. ஆனால் திட்டு ஒன்றுகூட இல்லை. புதுச் சுவருக்குப் பெயின்ட் அடித்ததுபோல் ஒரே நிறம். இரண்டுக்கும் நடுவில் ஓர் அம்புக்குறி. மேலே கொட்டை எழுத்தில்: 'வெண்புள்ளியா? இனி ஒரே நிறம்! ஏகவர்ணா தைலம். பக்கவிளைவு கிடையாது. பத்தியம் உண்டு.'

அந்த வலப்பக்கத்துப் பெண்ணை அவள் சற்று நேரம் உற்றுப் பார்த்தாள். எங்கேயோ விசேஷ வீட்டில் பார்த்துப் பேசாமல் வந்துவிட்ட தூரத்துச் சொந்தக்காரி போல இருந்தது. ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

விசிலம்மா என்பது பயணிகள் வைத்த பெயர். சந்தை நேர நெரிசலில் கடைசிப் படியில் தொங்குகிறவனுக்கும் காது அடைக்கிற மாதிரி ஊதுவாள். பக்கத்து வண்டி டிரைவர்கூடத் தன்னையறியாமல் பிரேக்கை மிதிப்பார். பள்ளிக்கூடம் போகிற வயதில் அவள் புருவத்துக்கு மேலே கடலை அளவில் ஒரு வெள்ளை வந்தது. அவள் வளர வளர அதுவும் வளர்ந்தது. அம்மா சும்மா இருக்கவில்லை. யார் எதைச் சொன்னாலும் செய்தார். வெள்ளையாக இருக்கிற எதையும் சாப்பிடக் கூடாது என்றார் ஒருவர். பால் போச்சு, சோறு போச்சு, முட்டையில் பாதி போச்சு. "அப்போ வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போகலாமா?" என்று அவள் கேட்டதற்கு, "வாயாடிங்களுக்கு மருந்து வேலை செய்யாது" என்று பதில் வந்தது. இன்னொருவர் கொடுத்த விழுதைப் பூசிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தாள். முழங்கைத் தோல் கொப்பளித்து உரிந்தது. அதைக் கண்ட அன்று அம்மா விழுதுக் கிண்ணத்தைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அங்கே இருந்த தோல் டாக்டரம்மா சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. "இது யாருக்கும் ஒட்டாது. உயிருக்கும் ஒண்ணும் ஆகாது. உடம்பைக் காவல் காக்கிற சக்தியே தோலுக்கு நிறம் குடுக்கிற செல்லை எதிரின்னு நினைச்சு அடிச்சிடுது. வெளிச்ச வைத்தியம் இருக்கு, களிம்பு இருக்கு. சிலருக்கு நிறம் திரும்பும், சிலருக்குத் திரும்பாது. திரும்பினது மறுபடி போகவும் போகலாம். நிச்சயமாக் குணமாக்கறேன்னு எவனாவது சொன்னா, பர்ஸை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு வெளிய வந்துடுங்க."

அவள் அந்த வெளிச்ச வைத்தியத்தை விடாமல் செய்தாள். கையில் நிறம் திரும்பியது. பெரியவளாகி ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்த சமயத்தில் மறுபடி வெளுத்தது. "போதும் டாக்டர், இனிமே நான் இப்படியே இருந்துக்கறேன்" என்று ஒருநாள் சொன்னாள். "தாராளமா இரு" என்றார் டாக்டரம்மா. அதுவரை அவளிடம் யாரும் சொல்லியிராத வார்த்தை அது.

கண்டக்டர் வேலைக்கு நேர்முகத் தேர்வு நடந்தபோது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "உங்க கையால டிக்கெட் வாங்க ஜனங்க தயங்கினா என்ன செய்வீங்க?" என்றார். "வாங்காம இறங்கினா அபராதம் போடலாம்ல சார்?" என்றாள். மற்ற இருவரும் சிரித்துவிட்டார்கள். வேலை கிடைத்தது.

இப்படி ஒருவழியாகத் தன் முகத்தோடு சமாதானம் செய்துகொண்டு நிம்மதியாக இருந்தவளுடைய முகத்தைத்தான் இப்போது யாரோ தூக்கிக்கொண்டு போய் வண்டியில் ஒட்டியிருந்தார்கள்.

யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய துப்பறிவு தேவைப்படவில்லை. படத்தில் அவள் தோள்மேல் நான்கு குட்டி விரல்கள் தெரிந்தன. பின்னால் நின்றிருந்த குழந்தையை வெட்டியவர்கள் விரல்களை மறந்துவிட்டார்கள். அது அக்கா மகளின் கை. படம் எடுத்தது அக்காவின் போனில்.

வேலை முடிந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனாள். கட்டிலுக்கு அடியில், அலமாரிக்கு மேலே, சமையலறை ஜன்னலோரம், எங்கே பார்த்தாலும் அக்கா விற்பதற்கு எடுத்த ஏகவர்ணா பெட்டிகள். அத்தான் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து, இன்னொரு பெட்டியின்மேல் தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கொழுந்தியாளின் முகத்தைப் பார்த்ததும் தட்டோடு எழுந்து உள்ளே போய்விட்டார். விவரமான மனிதர்.

"என் படத்தை நீதான் குடுத்தியா?"

"உட்காரு. டீ குடி."

"உட்கார எடம் எங்க இருக்கு? குடுத்தியா இல்லையா?"

அக்கா மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். "எண்ணெய் விக்கிறவங்க மீட்டிங்ல டைமண்ட் பட்டம் வாங்கின பெரிய சார் கேட்டாரு, குடும்பத்துல யாருக்காவது இருக்கான்னு. ஒரு வெற்றிக் கதை இருந்தா எனக்கும் சீக்கிரம் சில்வர் பட்டம் கிடைச்சிடும்னாரு. எனக்கு உன் ஞாபகம் வந்துச்சு."

"நான் அந்த எண்ணெயை மோந்துகூடப் பார்த்ததில்லையேக்கா!"

"இனிமே தடவுவேல்ல? தடவினா சரியாயிடும். அதை முன்கூட்டியே போட்டிருக்காங்க, அவ்வளவுதான்."

விசிலம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. 

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. நான் நல்லாத்தான் இருக்கேன்."

"உனக்குப் பழகிப்போச்சு," என்றாள் அக்கா. குரல் கம்மியது. "சின்ன வயசுலேர்ந்து உன்கூட நடந்து வந்தவ நான். உன்னைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறவங்களை நீ பார்க்கமாட்டே, நான்தான் பார்ப்பேன். எனக்கு இன்னும் பழகல."

"அப்போ மருந்து உனக்குத்தான் வேணும்" என்று சொல்லிவிட்டு விசிலம்மா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

மறுநாள் டிப்போ மேனேஜரிடம் போனாள். விளம்பர இடத்தை ஒரு கம்பெனிக்கு மொத்தமாக வாடகைக்கு விட்டாயிற்று, ஒப்பந்தம் முடிகிறவரை கிழிக்க முடியாது என்றார் அவர். "அதோட, அது உங்க முகம்தான்னு எப்படி நிரூபிப்பீங்க?"

அவள் முகத்தை அவர் மேசைக்கு மேலே நீட்டினாள்.

மேனேஜர் தன் போனில் இருந்த படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "இடதுபக்கம் நீங்க மாதிரிதான் இருக்கு. ஆனா அந்தம்மாவுக்குச் சரியாயிடுச்சே. உங்களுக்கு ஆகலையே?"

"அதைத்தான் சார் நானும் சொல்றேன்!"

"புகார் எழுதிக் குடுத்துட்டுப் போங்க. மேல அனுப்பறேன்."

எழுதிக் கொடுத்தாள். புகார் மேலே போயிற்று; வண்டி வழக்கம்போல ரோட்டில் போயிற்று. பின்னால் வருகிற ஸ்கூட்டர்காரன் எல்லாம் அவளுடைய இரண்டு முகங்களையும் பார்த்துக்கொண்டே வந்தான். சந்தை நிறுத்தத்தில் ஏறிய ஒரு பெரியவர் சீட்டு வாங்கும்போது அவள் முகத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"நடுவுல நிறுத்திட்டியாம்மா?"

"எதை?"

"எண்ணெயைத்தான். படத்துல நல்லா ஆகியிருந்துச்சு. நிறுத்தினதும் திரும்பிடுச்சு பாரு. இதெல்லாம் விடாமத் தடவணும்."

அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. கண்ணெதிரே நிற்கிற ஆளைவிட முதுகில் ஒட்டிய காகிதத்தைத்தான் ஊர் நம்புகிறது என்றால், காகிதம் பேசுவதற்கு மேல் ஆள் பேச வேண்டும். விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினாள். வண்டி கப்சிப் என்று ஆனது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றாள்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. வண்டிக்குப் பின்னால ஒட்டியிருக்கிறது என் மூஞ்சி. அந்த எண்ணெயை நான் தொட்டதே கிடையாது. ரெண்டாவது மூஞ்சி கம்ப்யூட்டர்ல பூசினது. நம்பாதவங்க இறங்கும்போது பின்னால போய்ப் பாருங்க, அப்புறம் என்னைப் பாருங்க. தோல்ல ஏதாவது பிரச்சினைன்னா பெரிய ஆஸ்பத்திரியில டாக்டர் இருக்காங்க, நம்ம வண்டி அந்த வாசல்லயே நிக்கும். டிக்கெட் எடுக்காதவங்க எடுத்துக்கோங்க."

பின்சீட்டில் யாரோ கைதட்டினார்கள். டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். வண்டி கடைசி நிறுத்தத்தில் நின்றதும், "சரியாச் சொன்னே தங்கச்சி. கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்கிறவனுக்கு எங்க போச்சு புத்தி?" என்றார். அவர் மணிக்கட்டில் முட்டிவலிக்கென்று வாங்கிய செப்பு வளையம் பளபளத்தது. அவள் அதைப் பார்த்தாள். "இது வேற" என்று சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நடையிலும் அறிவிப்பு உண்டு. வழக்கமான பயணிகளுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. அவள் ஆரம்பித்தால் அவர்கள் முடித்தார்கள். அவளுக்கும் கொஞ்சம் குஷியாகத்தான் இருந்தது.

அந்தக் குஷி ஒரு மதியம் அடங்கிப்போனது. அறிவிப்பு முடிந்ததும் ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் எழுந்து நின்றாள். பக்கத்தில் அவள் மகள், வேகாத வெயிலிலும் முழுக்கைச் சட்டை.

"உங்க படத்தைப் பார்த்துத்தான் நான் வாங்கினேன்," என்றாள் அந்தப் பெண். "இத்தனை நாளா அந்தப் படத்தைக் காட்டிக் காட்டித்தான் இவளைச் சமாதானப்படுத்தறேன். எரிஞ்சாலும் பொறுத்துக்கோ, இந்த அக்கா மாதிரி ஆயிடலாம்னு. இப்ப வந்து பொய்யிங்கிறீங்க. எங்க நம்பிக்கையில ஏம்மா மண்ணள்ளிப் போடறீங்க?"

வண்டி பூராவும் விசிலம்மாவையே பார்த்தது. அவள் அந்த மகளின் பக்கம் திரும்பினாள். குனிந்து, "எங்க எரியுது கண்ணு?" என்று கேட்டாள். மகள் சட்டைக் கையை மேலே ஏற்றினாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சிவந்து, நீர் கோத்துக் கிடந்தது.

"தடவினா முதல்ல எரியும், அப்பத்தான் விஷம் இறங்குதுன்னு அர்த்தம்னாங்க" என்றாள் தாய், இப்போது சற்று மெதுவாக.

பெரிய ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்தது. விசிலம்மா அவர்களை இறக்கிவிட்டு, எந்த வாசல், எந்த மாடி என்று கைகாட்டினாள். அந்தத் தாய் ஏசிக்கொண்டேதான் போனாள். ஆனால் ஆஸ்பத்திரிக்குள்தான் போனாள். அன்று மீதி நடைகளில் விசிலம்மாவின் அறிவிப்பில் வேடிக்கைப் பேச்சு இல்லை. என் முகத்தைக் காட்டி ஒரு குழந்தையின் கையைச் சுட்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னாள்.

சேதி போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மடிப்புக் கலையாத சட்டையும் விரலில் பெரிய மோதிரமுமாக ஒருவர் ஏறி, கடைசி நிறுத்தத்துக்குச் சீட்டு வாங்கினார். கூட்டம் குறைந்ததும் பக்கத்தில் வந்து நின்றார்.

"மேடம், நான்தான் டைமண்ட். உங்க அக்கா சொல்லியிருப்பாங்க. தப்பு எங்க பக்கம்தான், உங்களை முதல்லயே வந்து பார்த்திருக்கணும். வருஷம் பூரா எண்ணெய் இலவசமாத் தர்றோம். நம்ம கம்பெனியோட முகமே நீங்கதான்னு ஆயிடலாம். மாசம் ஒரு தொகை வீடு தேடி வரும்."

"முகத்தை ஏற்கெனவே எடுத்துட்டீங்களே. இனிமே என்ன ஆகறது?"

"மேடம், நீங்க படிக்காதவங்க மாதிரி பேசக் கூடாது. இது இயற்கை. ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு இயற்கைன்னாலே ஆகாது."

"நெருப்பும் இயற்கைதான் சார். எடுத்து மூஞ்சியில தடவிக்கலாமா?"

டைமண்டின் புன்னகை கழன்று விழுந்தது. "வண்டியில பேசறதை நிறுத்தலைன்னா கேஸ் போடுவோம். கம்பெனி பேரைக் கெடுக்கறீங்க."

"போடுங்க. வக்கீல்கூட வேண்டாம், நானே வர்றேன். சாட்சிக்கு மூஞ்சியையும் கூட்டிட்டு வர்றேன்." விசிலை வாயில் வைத்தாள். "உங்க ஸ்டாப் வந்துடுச்சு."

"நான் கடைசி ஸ்டாப்புக்கு வாங்கியிருக்கேன்."

"சரி, அப்ப உட்காருங்க. இந்த நடை அறிவிப்பை நீங்களும் கேட்டுட்டே போகலாம்."

அவர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ஓட்டல் அரங்கில் ஏகவர்ணாக் கூட்டம் என்று அக்கா மகள் போனில் சொன்னாள். அம்மாவுக்குச் சில்வர் பட்டம் தருகிறார்களாம். விசிலம்மா இரண்டு நடைகளுக்கு நடுவே கிடைத்த ஓய்வில், சீருடையைக்கூட மாற்றாமல் போனாள். அரங்கு நிறைந்திருந்தது. மேடைக்குப் பின்னே திரையில் அவளுடைய இரண்டு முகங்கள், பேருந்தில் இருந்ததைவிடப் பெரிதாக. அவற்றுக்கு முன்னால் கையில் மைக்கோடு டைமண்ட். ஓரத்தில் புது உடுப்பில் அக்கா, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கக் காத்திருக்கிற சிறுமி போல.

விசிலம்மா நடுப்பாதை வழியே நடந்து மேடையேறினாள். தடுக்க வந்தவர் சீருடையைப் பார்த்து ஒரு கணம் தயங்கினார். அந்தக் கணம் போதுமாக இருந்தது.

"வணக்கம். திரையில இருக்கிறது நான்தான்," என்றாள், டைமண்ட் பிடித்திருந்த மைக்கில் குனிந்து. "ரெண்டாவது மூஞ்சி எங்க போச்சுன்னு இவங்ககிட்ட கேட்க வந்தேன்."

மைக்கை அணைத்தார்கள். பத்து வருஷமாக இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டைக்கு மைக் எதற்கு? கடைசி வரிசைவரை கேட்டது. டைமண்ட் கையை உயர்த்தி, "நண்பர்களே, பத்தியம் இல்லாமப் பயன்படுத்தினா பலன் நிலைக்காதுன்னு நாம எப்பவும் சொல்றோம். இந்தச் சகோதரி பத்தியத்தை மீறிட்டாங்க. நம்பிக்கையும் இல்லை" என்றார். நாற்காலிகளில் பல தலைகள் ஆமாம் என்று ஆடின.

சரியானால் எண்ணெயால், சரியாகாவிட்டால் உன்னால். இந்தக் கணக்கை அவள் வெள்ளைச் சட்டை போட்ட வயதிலேயே பார்த்திருக்கிறாள். டைமண்டோடு மல்லுக்கட்டவில்லை. அக்காவின் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நீயே சொல்லு. நான் ஒரு சொட்டாவது தடவியிருக்கேனா?"

 டைமண்ட் அக்காவைப் பார்த்துச் சிரித்து, "சொல்லுங்க சில்வர் மேடம்" என்றார். அக்கா அவரைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள். அவள் வீட்டுப் பெட்டிகள், அத்தானின் வசவு, அவளை நம்பி வாங்கிய அக்கம்பக்கத்துப் பெண்கள், எல்லாம் அந்த முகத்தில் வந்து போயின.

"இல்லை," என்றாள். முன்வரிசைக்குத்தான் கேட்டிருக்கும். பிறகு இன்னும் கொஞ்சம் உரக்க, "இல்லைங்க. அவ தொடவே இல்லை. படத்தை நான்தான் குடுத்தேன்."

அரங்கில் இரைச்சல் கிளம்பியது. சிலர் விசிலம்மாவைத் திட்டினார்கள். ஒருவர், வயிற்றெரிச்சல் பிடித்தவள் என்றார். சிலர் எழுந்து விற்பனை மேசைப் பக்கம் போய்ப் பெட்டியைத் திருப்பி வைத்துவிட்டுப் பணம் கேட்டார்கள். பாதிப்பேர் நாற்காலியை விட்டு எழவே இல்லை. விசிலம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். அடுத்த நடைக்கு நேரமாகிவிட்டது. ஓடினாள்.

அதற்குப்பின் எல்லாம் சுபம் என்று சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும். நடந்தது அப்படியில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன அந்தத் தாய், மகளின் கையைக் காட்டிச் சுகாதார அதிகாரியிடம் புகார் கொடுத்தாள். எண்ணெயைச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு இன்னும் வரவில்லை. விளம்பரத்தை மட்டும் டிப்போக்காரர்களே சுரண்டி எடுத்தார்கள். மேனேஜர் விசிலம்மாவுக்கு ஒரு மெமோ கொடுத்தார்: பணி நேரத்தில் பணிக்குத் தொடர்பில்லாத அறிவிப்பு செய்தது ஏன்? 'பெரிய ஆஸ்பத்திரி நிறுத்தம் வருகிறது என்று அறிவிப்பது என் பணிதான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஏகவர்ணா கடையை மூடியது. கொஞ்ச நாளில் அதே மோதிரக்காரர், வேறு பெயரில், சுவரொட்டிகளில் முடி வளர்க்கிற எண்ணெயைக் காட்டிச் சிரித்தார். அவள் அறிவிப்பில் முடியையும் சேர்த்துக்கொண்டாள். மெமோவுக்கு மேல் மெமோ வந்தது. வரட்டும் என்றாள்.

அக்கா பேச்சை நிறுத்திவிட்டாள். போனை எடுக்கவில்லை. கடைவீதியில் எதிரே வந்தால் மறுபக்கம் போனாள். சில்வரும் போச்சு, போட்ட பணமும் போச்சு, தெருவில் தலைகாட்ட முடியவில்லை என்று அத்தான் சொல்லித்தான் தெரிந்தது. விசிலம்மாவுக்கு உள்ளே வலித்தது. ஆனாலும் செய்ததற்கு வருத்தப்படவில்லை.

மழை ஓய்ந்த ஒரு காலை, பின்வாசல் வழியாக அக்கா ஏறினாள். வேறு வண்டி கிடைக்கவில்லையோ, வேண்டுமென்றேதான் ஏறினாளோ, தெரியாது. பின்சீட்டில் போய் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். விசிலம்மா முன்பக்கம் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். புதிதாக ஏறிய ஓர் அம்மாள் மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டு, அவள் கையை இரக்கத்தோடு தடவினார்.

"ஏம்மா, இவ்வளவு லட்சணமா இருக்கே, இதை இப்படியே விட்டுட்டியே. எங்க தெருவுல ஒருத்தர் இருக்காரு, ஒரு வேர் குடுக்கறாரு—"

விசிலம்மா வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வண்டியையே பிளந்துகொண்டு வந்தது.

"அவளுக்கு ஒண்ணும் வேண்டாம்! அவ நல்லாத்தான் இருக்கா! உங்க வேரை நீங்களே வச்சுக்கோங்க!"

வண்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டிரைவர் அண்ணன்கூடக் கண்ணாடியில் எட்டிப் பார்த்தார். அத்தனை கண்ணும் தன்மேல் இருக்க, அக்கா தலையைக் குனியவில்லை. முகம் சிவக்க, கம்பியைப் பிடித்தபடி நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

விசிலம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். டிக்கெட் மெஷினைத் தட்டினாள்.

"எங்கக்கா போகணும்?"